பவுன்ஸும் பதிலும் ஒரே பெட்டியில்: ஒரு முன்னாள் மாணவர் சங்கத்தின் மெயில் பட்டியல் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் தமிழகத்தில் ஒரு மாவட்டத் தலைநகர். அங்குள்ள அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவர் சங்கத்தில் ஏறக்குறைய 3,000 உறுப்பினர்கள். உள்ளூரில் கடை வைத்திருப்பவர்கள், சென்னையில் வேலை பார்ப்பவர்கள், சிங்கப்பூர், துபாய், ஜெர்மனி என்று போய்விட்டவர்கள் எல்லோரும் இதில் உண்டு. மாதம் ஒருமுறை சங்கத்திலிருந்து மெயிலில் ஒரு கடிதம் போகும். யார் வீட்டில் கல்யாணம், யார் காலமானார், வசதியில்லாத பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். வாட்ஸ்அப் குழுக்கள் வந்த பிறகும் கடிதத்தை நிறுத்தவில்லை. வயதில் மூத்தவர்கள் அதைப் படித்துவிட்டு நீளமாகப் பதில் எழுதுவார்கள். சங்கத்துக்கு வரும் உதவித்தொகையில் பெரும்பகுதி அந்தப் பதில்களை ஒட்டித்தான் வந்துகொண்டிருந்தது.

செயலாளர் அதே பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மெயில்பாக்ஸைப் பார்த்துக்கொண்டவர் ஒரு இளம் தன்னார்வலர். பகலில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை, இரவில் கொஞ்ச நேரம் சங்கத்துக்கு. மெயில் சர்வர் பராமரிப்பு என் தொழில். 2024 ஜனவரியில் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஏற்கெனவே இருந்த ஏற்பாடு

சங்கத்துக்கு இணையத்தில் சொந்தப் பெயர் (டொமைன்) உண்டு. வாடகை சர்வர் ஒன்றில் ஒரு ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) ஓடி, கடிதத்தை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும். கடிதம் எந்த முகவரியிலிருந்து போகிறதோ, அதே முகவரிக்குத்தான் உறுப்பினர்களின் பதிலும் வரும். போய்ச் சேராமல் திரும்பும் பவுன்ஸும் அங்கேதான் வந்து விழும். பிரச்சினையின் வேர் இதுதான். ஆனால் அது யார் கண்ணிலும் படவில்லை.

கடிதம் போன மறுநாள் காலை இன்பாக்ஸ் பவுன்ஸால் நிறைந்திருக்கும். நடுவில் பதில்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். இதைச் சமாளிக்க 2021-ல் அப்போதிருந்த தன்னார்வலர் ஒரு ஃபில்டர் போட்டிருந்தார். மெயிலில் எங்காவது ‘மெயிலர்-டீமன்’, ‘அன்டெலிவரபிள்’, ‘டெலிவரி ஃபெயில்ட்’, ‘நோ லாங்கர்’, ‘550’ என்று வந்தால் அது ‘பவுன்ஸ்’ என்ற ஃபோல்டருக்குப் போய்விடும். இரவில் இன்னொரு ஸ்கிரிப்ட் அந்த ஃபோல்டரைத் துழாவும். அங்குள்ள மெயில்களுக்குள் எந்த உறுப்பினரின் முகவரி கண்ணில் பட்டாலும் அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். 30 நாள் கழித்து ஃபோல்டர் தானே காலியாகிவிடும்.

வேலை குறைந்ததென்னவோ உண்மை. இன்பாக்ஸ் சுத்தமாக இருந்தது. அதனால் இரண்டு வருடத்துக்கு மேல் யாரும் அந்த ஃபோல்டரைத் திறக்கவில்லை.

கவனித்தவை

ஜனவரியில் செயலாளர் சொன்ன புகார்கள் வெவ்வேறு விதமானவை. கடிதம் வருவதே நின்றுவிட்டது என்றார்கள் சிலர். பணம் அனுப்பி மெயிலும் போட்டோம், ஒரு வரி பதில் இல்லை என்றார்கள் வேறு சிலர். மூன்றாவது ஒரே ஒரு புகார்தான், ஆனால் செயலாளரை அதுதான் அதிகம் உலுக்கியிருந்தது. செப்டம்பரில் இறந்துபோன ஒரு மூத்த உறுப்பினருக்கு டிசம்பரில் பிறந்தநாள் வாழ்த்து போயிருக்கிறது. அவருடைய மகள் போனில் கூப்பிட்டு, “நான் அப்பவே மெயில் போட்டேனே சார், நீங்க யாரும் பாக்கலையா?” என்று கேட்டிருக்கிறார்.

ஃபோல்டரில் கடைசி 30 நாள் மெயில்கள் இருந்தன. அதற்கு முந்தையவற்றைச் சர்வரின் பேக்கப்பிலிருந்து எடுத்தோம். தன்னார்வலரும் நானும் ஒவ்வொன்றாகப் படித்தோம்.

மகள் எழுதிய மெயில் கிடைத்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: ‘அப்பா ஈஸ் நோ லாங்கர் வித் அஸ்’ (அப்பா இப்போது எங்களோடு இல்லை). வேலையை விட்டுப் போனவர்களின் தானியங்கிப் பதில்களைப் பிடிப்பதற்காகப் போட்ட ‘நோ லாங்கர்’ என்ற வார்த்தைகள் இதையும் பிடித்துவிட்டன. அவர் தன் முகவரியிலிருந்து எழுதியிருந்தார், உள்ளே அப்பாவின் முகவரியைக் குறிப்பிடவில்லை. அதனால் அப்பாவின் பெயர் பட்டியலில் அப்படியே இருந்துவிட்டது. மெயில் மட்டும் மறைந்துபோனது.

பணம் அனுப்பியவர்களின் மெயில்களும் அங்கேதான் கிடந்தன. ஆண்டுவிழாச் சாப்பாட்டுக்கும் மலருக்கும் சேர்த்து 550 ரூபாய் என்று சங்கம் அறிவித்திருந்தது. ‘550 அனுப்பிவிட்டேன், ரசீது போடவும்’ என்று எழுதியவர்கள் எல்லோரும் பவுன்ஸ் ஃபோல்டருக்குப் போயிருந்தார்கள். மெயில் சர்வர்கள் மறுப்பதற்குப் பயன்படுத்தும் எண் 550. தொகையை நிர்ணயித்தவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

கெட்டிக்கார உறுப்பினர் ஒருவர் தன் வகுப்புத் தோழர்கள் சிலருக்குத் தானே மெயில் அனுப்பிப் பார்த்து, திரும்பி வந்ததைச் சங்கத்துக்கு ஃபார்வர்ட் செய்திருந்தார். “இவர்கள் முகவரி மாறியிருக்கிறது, விசாரியுங்கள்” என்று மேலே ஒரு குறிப்பு. ஃபில்டர் அதையும் பவுன்ஸ் என்றே எடுத்துக்கொண்டது. இரவு ஸ்கிரிப்ட் உள்ளே இருந்த எல்லா முகவரிகளையும் நீக்கிவிட்டது, அக்கறையோடு தகவல் சொன்னவரின் முகவரி உட்பட.

கடிதம் நின்றுபோனவர்களில் பெரிய கூட்டம் சென்னையில் இருந்தது. டிசம்பர் மாதக் கடிதம் போனது 2023 டிசம்பர் 4 அன்று. மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பெருங்குடியும் தண்ணீரில் நின்ற நாள் அது. சிறிய நிறுவனங்கள் தங்கள் கட்டடத்திலேயே வைத்திருந்த மெயில் சர்வர்கள் மின்சாரம் இல்லாமல் நின்றுபோயின. இப்படி எதிர்ச் சர்வர் பதில் சொல்லாதபோது, அனுப்பும் சர்வர் மெயிலை வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயல வேண்டும். குறைந்தது 4, 5 நாளாவது முயல வேண்டும் என்பது மெயில் நெறிமுறையின் பரிந்துரை. மெயில் அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருளில் இயல்பாகவே 5 நாள்தான் வைத்திருக்கும். சங்கத்தின் சர்வரில் யாரோ அதை 1 நாளாகக் குறைத்திருந்தார்கள். ஆக, ஊரில் தண்ணீர் வடிவதற்குள் எல்லா மெயிலும் திரும்பிவிட்டது. ஸ்கிரிப்ட்டும் அத்தனை பேரையும் நீக்கிவிட்டது. கடிதம் நின்ற காரணம் தெரியாமல், சங்கம் நம்மை மறந்துவிட்டது என்று நினைத்தவர்களும் அவர்களில் உண்டு.

உண்மையாகவே செத்துப்போன முகவரிகளும் நிறைய இருந்தன. இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கப்போவதாகக் கூகுள் 2023 மே மாதம் அறிவித்திருந்தது. டிசம்பரிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. பேரன் போட்டுக்கொடுத்த கணக்கை ஓரிரு முறை திறந்துவிட்டு மறந்துபோன பெரியவர்களுக்கு இதில் நிச்சயம் பங்கு இருந்திருக்கும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் வேலையாக இரவு ஸ்கிரிப்ட்டை நிறுத்தினோம். நீக்கப்பட்ட அத்தனை பேரையும் ‘நிறுத்தி வைக்கப்பட்டவர்’ என்ற நிலைக்கு மாற்றினோம். இனி எந்த நிரலும் யாரையும் நீக்கக் கூடாது, அதிகபட்சம் நிறுத்தி வைக்கலாம் என்று செயலாளரோடு பேசி முடிவு செய்தோம். நீக்குவது மனிதர் கையில்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் பிரிப்பது. மெயிலின் வாசகத்தைப் படித்து இது பவுன்ஸா பதிலா என்று கண்டுபிடிப்பது, எவ்வளவு வார்த்தைகளைச் சேர்த்தாலும், நம்ப முடியாத வழி. மனிதர்கள் எந்த வார்த்தையையும் எழுதுவார்கள். ‘நோ லாங்கர்’ என்பதை எடுத்துவிட்டால் நாளைக்கு வேறொன்று வரும். அதனால் வாசகத்தை விட்டுவிட்டு, மெயில் வந்து சேரும் வழியிலேயே இரண்டையும் பிரித்துவிட நினைத்தோம்.

தபாலில் உறைமேல் எழுதும் அனுப்புநர் விலாசமும் உள்ளே கடிதத்தில் எழுதும் விலாசமும் வேறுவேறாக இருக்கலாம். மெயிலிலும் அப்படி இரண்டு உண்டு. படிப்பவர் கண்ணில் படுவது உள்ளே இருக்கும் ‘ஃப்ரம்’ முகவரி, ‘ரிப்ளை’ அழுத்தினால் மெயில் அங்கேதான் போகும். சர்வர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் உறை முகவரி தனி. பவுன்ஸ் திரும்புவது அந்த உறை முகவரிக்கு. இரண்டையும் ஒன்றாக வைத்திருந்ததால்தான் இத்தனை குழப்பமும். உறை முகவரியைத் தனியே அமைத்தோம். உறுப்பினர்களின் பார்வையில் எதுவும் மாறவில்லை, பழைய முகவரிதான் தெரியும்.

உறை முகவரி எல்லோருக்கும் ஒன்றாக இல்லாமல், ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒன்றாக இருக்கும்படி செய்தோம். முகவரிக்குள்ளேயே உறுப்பினர் எண்ணும், எந்த மாதக் கடிதம் என்பதும் இருக்கும். இதற்கு ‘வெர்ப்’ என்று பெயர். கியூமெயில் என்ற மெயில் சர்வர் மென்பொருளை எழுதிய டேனியல் பெர்ன்ஸ்டீன் 1997-ல் முன்வைத்த முறை. திரும்பி வந்த மெயிலுக்குள் என்ன எழுதியிருந்தாலும், அது எந்த முகவரிக்கு வந்தது என்பதை வைத்தே யாருக்குப் போனது திரும்பியது என்று தெரிந்துவிடும். பழைய கல்லூரி முகவரி ஒன்றைக் கொடுத்து, அதை ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டிருப்பவர்கள் சங்கத்தில் பலர். அவர்களுடைய பவுன்ஸில் நம் பட்டியலிலேயே இல்லாத ஜிமெயில் முகவரிதான் இருக்கும், உள்ளே தேடினால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. வெர்ப் இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. வெளியாள் யாராவது போலி பவுன்ஸ் அனுப்பி ஒருவரை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக, ரகசியச் சாவியிலிருந்து கணக்கிட்ட சில எழுத்துகளையும் முகவரியில் சேர்த்தோம்.

அதோடு வேலை முடியவில்லை. உறை முகவரிக்கு வருவதெல்லாம் பவுன்ஸ் என்று சொல்ல முடியாது. விடுமுறையில் இருக்கிறேன் என்னும் தானியங்கிப் பதில் உறை முகவரிக்குத்தான் போக வேண்டும் என்று 2004-ல் வந்த ஆர்எஃப்சி 3834 சொல்கிறது (இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவண வரிசைதான் ஆர்எஃப்சி), ஆனால் எல்லா மென்பொருளும் அப்படிச் செய்வதில்லை. அதனால் இரண்டு பெட்டியிலும் கலப்படம் இருக்கும். இங்கே மூன்று அடையாளங்களைப் பார்த்தோம்.

பவுன்ஸின் உறையில் அனுப்புநர் இடம் காலியாக இருக்கும். மெயிலின் தலைப்பகுதியில் ‘ரிட்டர்ன்-பாத்’ என்ற வரியில் (ஹெடர்) <> என்று மட்டும் காணப்படும். பவுன்ஸுக்கே ஒரு பவுன்ஸ் கிளம்பி முடிவில்லாமல் சுற்றக் கூடாது என்பதற்காக 1982-லேயே வைத்த ஏற்பாடு இது. மனிதர் எழுதும் மெயிலில் அந்த இடம் காலியாக இருக்காது. இரண்டாவது, ஒழுங்கான பவுன்ஸுக்கு ஒரு வடிவம் உண்டு (ஆர்எஃப்சி 3464). மனிதர் படிக்க ஒரு பகுதி, நிரல் படிக்க ஒரு பகுதி, திரும்பிய மெயிலின் நகல் ஒரு பகுதி. நிரலுக்கான பகுதியில் ‘ஆக்ஷன்’ (மெயில் என்ன ஆனது), ‘ஸ்டேட்டஸ்’ (காரணத்தைச் சொல்லும் எண்) என்ற இரண்டு வரிகள் போதும். மூன்றாவது, ‘ஆட்டோ-சப்மிட்டட்’ என்ற ஹெடர். அதில் ‘நோ’ தவிர வேறு எது இருந்தாலும் அனுப்பியது நிரல்தான்.

காலியான உறையும் அந்த வடிவமும் சேர்ந்து இருந்தால் மட்டுமே பவுன்ஸ் என்று கணக்கில் எடுத்துக்கொள்வது என்று வைத்தோம். தானியங்கி என்று தெரிவது ஒரு தனி ஃபோல்டருக்குப் போகும். மிச்சம் எல்லாமே, எவ்வளவு சந்தேகமாக இருந்தாலும், மனிதர் பார்க்கும் இன்பாக்ஸுக்குத்தான். இந்த விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஒரு பவுன்ஸ் தவறி இன்பாக்ஸுக்கு வந்தால் அதை அழிக்க ஒரு நொடி போதும். ஒரு பதில் தவறி பவுன்ஸ் ஃபோல்டருக்குப் போனால் அந்த மகளைப் போல ஒருவர் மனம் புண்படுகிறார். இரண்டு தவறும் சமமல்ல, அதனால் நிரலும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்க வேண்டும்.

தானியங்கி ஃபோல்டரையும் வாரம் ஒருமுறை படிக்க ஆள் போட்டோம். ‘நான் பணி ஓய்வு பெற்றுவிட்டேன், இனி இந்த முகவரிக்கு எழுதவும்’ என்று புது முகவரி சொல்லும் தானியங்கிப் பதில்கள் நாம் தேடினாலும் கிடைக்காத தகவல்.

யாரை எப்போது நிறுத்தி வைப்பது என்பதுதான் அதிக நேரம் பேசிய விஷயம். மெயில் குழுக்களை நடத்தும் மெயில்மேன் மென்பொருளின் இயல்பு அளவுகளைப் பார்த்தோம். பவுன்ஸ் வந்தால் ஒரு நாளுக்கு அதிகபட்சம் ஒரு புள்ளி, 5 புள்ளி சேர்ந்தால் நிறுத்தம், 7 நாள் புதிதாகப் பவுன்ஸ் வராவிட்டால் பழைய கணக்கு அழிந்துவிடும். தினமும் மெயில் ஓடும் குழுவுக்கு இது நல்ல கணக்கு. மாதம் ஒரு கடிதம் போகும் சங்கத்தில் யாருமே இரண்டாவது புள்ளியைத் தொட மாட்டார்கள். ஆகவே நமக்கென்று வேறு கணக்கு போட்டோம்.

ஸ்டேட்டஸ் 5.1.1 என்றால் அப்படி ஒரு கணக்கே இல்லை என்று பொருள். அடுத்தடுத்து இரண்டு மாதம் வந்தால் நிறுத்தி வைப்பது. 4.2.2 அல்லது 5.2.2 என்றால் பெட்டி நிறைந்துவிட்டது. முதல் எண் 4 என்றால் தற்காலிகம், 5 என்றால் நிரந்தரம் என்பது பொதுவிதி, ஆனாலும் நிறைந்த பெட்டி என்றைக்காவது காலியாகும். ஆகவே இரண்டையும் ஒரே மாதிரி நடத்தி மூன்று மாதம் பொறுப்பது. 4.4.1 என்றால் எதிர்ச் சர்வர் பதிலே சொல்லவில்லை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. முயன்று அலுத்துக் கைவிட்டதும் ஆக்ஷன் வரியில் ‘ஃபெயில்ட்’ என்றே வரும், ஸ்டேட்டஸ் மட்டும் 4-ல் தொடங்கும். ஆக்ஷனை மட்டும் படிக்கும் நிரல், புயலில் சிக்கிய சர்வரையும் செத்த முகவரியையும் ஒன்றாகவே பார்க்கும். நாங்கள் ஸ்டேட்டஸை வைத்தே முடிவெடுத்தோம், வரிசையில் காத்திருக்கும் காலத்தையும் 5 நாளுக்கு மாற்றினோம்.

5.7-ல் தொடங்குபவை தனி இனம். அவை பெறுபவரைப் பற்றிப் பேசுவதில்லை, அனுப்பும் நம்மை நம்பவில்லை என்கின்றன. அதை வைத்து உறுப்பினரை நிறுத்துவது அநியாயம். 2014 ஏப்ரலில் யாஹூ தன் டிமார்க் கொள்கையை (தன் பெயரில் வரும் போலி மெயிலை என்ன செய்வது என்று மற்ற சேவைகளுக்குச் சொல்லும் விதி) கடுமையாக்கியபோது உலகம் முழுவதும் இது நடந்தது. யாஹூ முகவரியிலிருந்து ஒருவர் குழுவுக்கு எழுதினால், குழுவின் சர்வர் வழியாக வந்த அந்த மெயிலை மற்ற சேவைகள் போலி என்று மறுத்தன. மறுப்புகள் பவுன்ஸாக வந்து, எழுதாமல் சும்மா இருந்த ஜிமெயில், ஹாட்மெயில் உறுப்பினர்களின் கணக்கில் ஏறின. பல குழுக்களில் அவர்கள் கூட்டமாக நிறுத்தப்பட்டார்கள். இதை மனதில் வைத்து ஒரு தடை போட்டோம். ஒரே கடிதத்தில் திரும்புபவை இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால், அல்லது 5.7 வகை ஒரு கொத்தாக வந்தால், கணக்கு வைப்பது அப்படியே நிற்கும். செயலாளருக்கும் எனக்கும் எச்சரிக்கை வரும்.

தொடர்ந்து நடந்தவை

பிப்ரவரிக் கடிதம் புது ஏற்பாட்டில் போனது. நிறுத்தி வைத்திருந்த எல்லோருக்கும் மறுபடி ஒரு வாய்ப்புத் தரவேண்டும் என்பது செயலாளரின் விருப்பம். ஒரே வீச்சில் அனுப்பினால் சர்வரின் நற்பெயர் கெடும் என்று சொல்லி, சில வாரங்களில் சிறு சிறு கட்டாக அனுப்பினோம். சென்னைக்காரர்களுக்கு ஏறக்குறைய முழுவதும் போய்ச் சேர்ந்தது.

மீண்டும் 5.1.1 சொல்லித் திரும்பியவர்களை, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பொறுப்பாளர் போனில் கூப்பிட்டார். இங்கே யாரும் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. முகவரி மாறியவர்களைவிட, முதலிலிருந்தே தப்பாகப் பதிவானவர்கள் அதிகமாக இருந்தார்கள். ஆண்டுவிழாவில் கையால் நிரப்பிய படிவத்தில் புள்ளிக்கோட்டின் மேல் எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுத்துகளுக்கு நடுவே வரும் அடிக்கோடு அந்தப் புள்ளிக்கோட்டில் மறைந்துபோயிருந்தது. சுழியமும் ‘ஓ’ எழுத்தும் மாறியிருந்தன. ‘ஜிமெயில்.கோ’ என்று பாதியில் நின்றவையும் உண்டு. சங்கத்தின் கடிதம் ஒன்றுகூட வராமலே சந்தா கட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

பெட்டி நிறைந்தவர்களைக் கூப்பிட்டபோது பெரும்பாலும் காரணம் போனில் எடுத்த போட்டோக்கள். ஜிமெயிலின் இலவச 15 ஜிபி, மெயிலுக்கும் போட்டோவுக்கும் சேர்த்துத்தான் என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருந்தது.

ஏப்ரலில் அந்தத் தடைக்கு உண்மையான சோதனை வந்தது. மார்ச் இறுதியில் வாடகை சர்வர் மாறி, இணையத்தில் அதை அடையாளம் காட்டும் ஐபி எண்ணும் மாறியிருந்தது. டொமைனில் எஸ்பிஎஃப் பதிவை (அதன் பெயரில் எந்தச் சர்வர்கள் மெயில் அனுப்பலாம் என்று சொல்வது) புதுப்பிக்கும் பணி விடுபட்டுப்போனது. ஒவ்வொரு மெயிலிலும் டொமைனின் டிஜிட்டல் கையெழுத்தைச் சேர்க்கும் டிகிம் முறை அதுவரை அமைக்கப்படவே இல்லை. தனக்கு மெயில் அனுப்பும் யாரானாலும் இவற்றில் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று ஜிமெயில் 2024 பிப்ரவரியிலிருந்து நிபந்தனை வைத்திருந்தது. கடிதம் கிளம்பிய சில நிமிடங்களில் 5.7.26 என்ற மறுப்புகள் குவிந்தன. தடை வேலை செய்து கணக்கு நின்றது, யாரும் நிறுத்தி வைக்கப்படவில்லை. எஸ்பிஎஃபைச் சரிசெய்து, டிகிமும் சேர்த்து, மறுநாள் ஜிமெயில்காரர்களுக்கு மட்டும் திரும்ப அனுப்பினோம். பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தால் அன்றிரவே சங்கத்தின் பாதிப் பட்டியலுக்கு மேல் காணாமல் போயிருக்கும்.

செயலாளர் அந்த மகளின் வீட்டுக்கு நேரில் போய்விட்டு வந்தார். மே மாதக் கடிதத்தில் அவர் அப்பாவைப் பற்றி வகுப்புத் தோழர் ஒருவர் எழுதிய குறிப்பு வந்தது. அதற்கு வந்த பதில்கள் எல்லாம் இன்பாக்ஸில் இருந்தன.

இனி மாற வேண்டியவை

புதிதாகச் சேர்பவரின் முகவரிக்கு முதலில் ஒரு உறுதிமெயில் போய், அவர் அதை அழுத்திய பிறகே பட்டியலில் ஏற வேண்டும். படிவத்தில் புள்ளிக்கோட்டுக்குப் பதில் எழுத்துக்கு ஒரு கட்டம். இரண்டும் 2024 ஆண்டுவிழாவுக்குள் செய்வதாகச் சங்கம் ஒப்புக்கொண்டது.

ஒரு காலமானவரைப் பற்றித் தகவல் சொல்ல உறவினர்களுக்கு எளிய வழி இல்லை. கடிதத்தின் அடியில் செயலாளரின் தொலைபேசி எண்ணைப் போடலாம் என்பது என் யோசனை. செயலாளர் சம்மதித்துவிட்டார். எண்ணை எல்லோருக்கும் கொடுப்பது பற்றிச் செயற்குழுவில் சிலருக்குத் தயக்கம் இருக்கிறது.

பழைய வடிவத்தில் பவுன்ஸ் அனுப்பும் சர்வர்கள் இன்னும் உண்டு. ஆர்எஃப்சி வடிவம் இல்லாததால் அவை மனிதர் கைக்கே வருகின்றன. மாதத்துக்கு வருவது கொஞ்சம்தான், அதனால் அவற்றுக்கென்று நிரல் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

தன்னார்வலருக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. அடுத்து வருபவருக்காக எந்த ஸ்டேட்டஸுக்கு என்ன செய்வது, ஏன் அப்படி என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறார். சர்வரின் கடவுச்சொற்களும் இதுவரை அவரிடம் மட்டுமே இருந்தன. அவற்றை இரண்டு பேரிடம் ஒப்படைக்கும் வேலை இன்னும் பாக்கி.